“அதிகமா அனுப்பிட்டேன் அக்கா” என்றால் நம்பாதீர்கள், என் 30,000 ரூபாய் போய்விட்டது

இன்று சனிக்கிழமை. பட்டறையில் மூன்று பேருக்கு வாரக்கூலி கொடுக்க வேண்டும். அதற்கும் கொலுசு செய்ய வெள்ளி வாங்கவும் வைத்திருந்த 30,000 ரூபாய், வியாழன் ராத்திரி ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. வயிறு எரிகிறது.

சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குக் கூலிக்குச் செய்வதுதான் பிழைப்பு. நேராக நாலு ஜோடி விற்றால் கையில் கொஞ்சம் நிற்குமே என்று, யார் வேண்டுமானாலும் பொருள் விற்கலாம் என்கிற ஒரு செல்போன் செயலியில் படம் போட்டிருந்தேன்.

ஒருவன் பேசினான். தங்கச்சிக்கு வளைகாப்பு என்றான். டச் (வெள்ளியின் தூய்மை) எவ்வளவு, சலங்கை முழுக்க வருமா, திருகாணியா கொக்கியா என்று விவரம் தெரிந்தவன் மாதிரி கேட்டான். செய்கூலி, சேதாரத்தில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. கொலுசு வாங்குகிறவர் பேரம் பேசாமல் இருப்பாரா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 18,500 ரூபாய் என்று முடிவானது.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொலுசைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எஸ்.எம்.எஸ். வந்தது: கணக்கில் 48,500 வரவு. உடனே போன். “அக்கா, 1-க்குப் பதிலா 4 அழுத்திட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்க்க வெச்சிருந்த காசுக்கா. மீதியை மட்டும் போட்டு விடுங்க.” குரல் அடைத்தது. அடுத்தவர் காசு, அதுவும் வைத்தியக் காசு, நம்மிடம் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது என்றுதான் தோன்றியது. நுரைக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பின் நம்பரைப் போட்டு 30,000 அனுப்பினேன். “நல்லா இருப்பீங்கக்கா” என்றான். பாவி.

காலையில் கணக்கைப் பார்த்தால் 48,500 வரவே இல்லை. என் 30,000 மட்டும் போயிருக்கிறது. அந்த எஸ்.எம்.எஸ். யாரோ ஒருவரின் பத்து இலக்க செல்போன் நம்பரிலிருந்து வந்திருக்கிறது. வங்கிச் செய்தி அப்படி வராது, எழுத்துகளில் பெயர் போட்டுத்தான் வரும். ராத்திரி அதைப் பார்க்கவில்லை.

வங்கிக்கு ஓடினேன். “நீங்களேதானம்மா பின் போட்டிருக்கீங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், திங்கட்கிழமை வாங்க. செயலிக்காரர்களுக்கு எழுதினால், “உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்” என்று ஒரு பதில். சாயங்காலம் இன்னொன்று: பணம் செயலிக்கு வெளியே கைமாறியதால் பொறுப்பேற்க முடியாதாம். பணத்தைக்கூட விடுங்கள், செயலியில் இருக்கிற அவன் கணக்கையாவது முடக்குங்கள் என்று கெஞ்சினேன். அதற்குப் பதிலே இல்லை.

வெள்ளி மதியம்தான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிட்டேன். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். உடனே சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வழி உண்டு. நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறேன். இப்படி இணையத்தில் வேறு ஆளாக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் உண்டு. ஆள் கிடைத்தால்தானே.

விவரமாக எழுத நினைத்தேன், கூலிக்குக் கடன் கேட்கப் போக வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், கணக்கில் இருப்பைப் பாருங்கள். அதிகமாக வந்தது என்றால் நீங்களாக எதையும் அனுப்பாதீர்கள், அவனை அவன் வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930.

அந்தக் கணக்கு இன்னும் அந்தச் செயலியில் இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற படம். எடுத்த எடுப்பில் “அக்கா” என்பான்.