நாற்பது மடங்கா, பதினைந்து மடங்கா? சட்டைப்பை ஜூம் கேமராக்கள் நான்கு

செங்கல்பட்டில் இருக்கும் சித்தப்பா போனில் கேட்டார்: "ஏம்பா, நாப்பது மடங்கு இழுக்குதாமே ஒரு கேமரா, அதையே வாங்கிடட்டுமா?"

பணி ஓய்வுக்குப் பிறகு கார்த்திகை பிறந்தால் மாசி வரை வாரம் தவறாமல் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போகிறவர். கழுத்தில் பைனாகுலர், தோளில் ஜோல்னாப்பை, கையில் கோடு போட்ட நோட்டு. அந்தப் பைக்குள்ளேயே கேமராவும் அடங்க வேண்டும். கூழைக்கடாவும் வேண்டும், கோபுரத்துச் சுதைச் சிற்பமும் வேண்டும், பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவும் வேண்டும். கிலோ கணக்கில் எடையுள்ள கேமராவைத் தூக்க அவர் தோள்பட்டை இடம் கொடுக்காது.

"மடங்கை விடுங்க சித்தப்பா. ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றேன். அந்த இரண்டு நாளில் போட்ட கணக்குதான் இது. இதே குழப்பத்தில் நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

களத்தில் நிறுத்தியது நான்கை. கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ், 40 மடங்கு, 299 கிராம். சோனி எச்எக்ஸ்99, 30 மடங்கு, 242 கிராம். பானாசோனிக் லூமிக்ஸ் டிஇசட்200, 15 மடங்கு, 340 கிராம். அமெரிக்காவில் இதற்கு இசட்எஸ்200 என்று பெயர். கடைசியாக சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, வெறும் 8 மடங்கு, 302 கிராம். முதல் மூன்றும் 2018-இல் வந்தவை, கடைசி 2019-இல். போன்கள் இந்தச் சந்தையைத் தின்றுவிட்டதால் இந்த வகையில் புதிய மாடல் வருவதே அரிதாகிவிட்டது. ஆனால் லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்லும் மி.மீ. கணக்கில் நல்ல போன்களின் ஐந்து மடங்கு லென்ஸ்கூட 110, 120-இல் நின்றுவிடுகிறது. ஏரியின் நடுவே நிற்கும் மரத்துக்கு அது எட்டாது.

முதலில் இந்த "மடங்கு" என்ற சொல்லைத் தீர்த்துவிடுவோம். லென்ஸின் தூர முனையை அகல முனையால் வகுத்தால் வருவது அது, அவ்வளவுதான். இந்த நான்குமே பழைய 35 மி.மீ. பிலிம் கணக்கில் 24 மி.மீ.-இல் தொடங்குகின்றன. ஆர்எக்ஸ்100 மார்க் 7 200-இல் முடிகிறது, டிஇசட்200 360-இல், எச்எக்ஸ்99 720-இல், எஸ்எக்ஸ்740 960-இல். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கோபுரத்தைக் குறிபார்த்தால் சட்டகத்துக்குள் விழும் அகலம் வரிசையாக ஏறத்தாழ 18 மீட்டர், 10 மீட்டர், 5 மீட்டர், நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேல் நிலையில் இருக்கும் ஆள் உயரச் சுதை ஒன்று கேனானில் சட்டகத்தை நிறைத்து நிற்கும். மார்க் 7-இல் அது கூட்டத்தில் ஒரு தலை.

இவ்வளவோடு நிறுத்தினால் சித்தப்பா சொன்னதே சரி. நாற்பது மடங்கை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் சட்டகத்தை நிறைப்பது வேறு, நுணுக்கம் விழுவது வேறு. இரண்டாவதைச் சொல்லும் எண் பெட்டியின் மேல் அச்சாவதில்லை. நாமே வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸின் விளிம்பில் "4.3-172.0" என்பது போலச் சிறிய எழுத்தில் இருக்கும், அது உண்மையான குவியத் தூரம். பக்கத்திலேயே "3.3-6.9" என்று எஃப் எண் இருக்கும், குவியத் தூரம் லென்ஸ் வாயின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பது அது. 172-ஐ 6.9-ஆல் வகுத்தால் 25. அதாவது கேனான் முழுக்க நீண்டு நிற்கும்போது வெளிச்சம் நுழையும் வாய் 25 மி.மீ. அகலம், ஏறத்தாழ பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. தொலைவில் இருக்கும் பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சம் கேமராவுக்குள் வருகிறது என்பதை இந்த வாய்தான் முடிவு செய்கிறது. எவ்வளவு சின்ன இறகுக் கோடு வரை பிரிந்து தெரியும் என்பதற்கும் இதுதான் எல்லை. பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதேதான்: துளை சிறுக்கச் சிறுக்க ஒளி பரந்து கசியும்.

இதே வகுத்தலை மற்ற மூன்றுக்கும் போட்டேன். எச்எக்ஸ்99: 123-ஐ 6.4-ஆல் வகுத்தால் 19 மி.மீ. மார்க் 7: 72-ஐ 4.5-ஆல் வகுத்தால் 16. டிஇசட்200: 132-ஐ 6.4-ஆல் வகுத்தால் 20.6.

கடைசி எண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 15 மடங்குக் கேமராவின் வாய் 30 மடங்குக் கேமராவின் வாயைவிடக் கொஞ்சம் பெரியது! டிஇசட்200 எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி 720 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் 20 மெகாபிக்சலில் 5 மெகாபிக்சல் மிஞ்சும். எச்எக்ஸ்99 அதே காட்சிக்கு 18 மெகாபிக்சல் கொடுக்கும். கேட்டால் பெரிய இழப்பு போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 18-இல் பெரும்பகுதி வெறும் எண்ணிக்கை. இவ்வளவு சின்ன வாய் வழியாக வரும் ஒளி, படத்தைப் பதியும் சென்சார் சில்லில் ஒரு புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாகப் பரவுகிறது. எச்எக்ஸ்99, கேனான் இரண்டின் நெருக்கமான பிக்சல் புள்ளிகளிலும் அந்த வட்டம் ஏழெட்டுப் புள்ளி அகலம் வருகிறது. டிஇசட்200-இன் பெரிய புள்ளிகளில் மூன்றரைப் புள்ளிதான். ஆகவே 5 மெகாபிக்சலும் 18 மெகாபிக்சலும் சொல்லும் செய்தி ஏறத்தாழ ஒன்றே. சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் போட 5 மெகாபிக்சல் போதும், நோட்டில் ஒட்டுவதற்குத் தாராளம்.

அப்படியானால் கேனானின் 40 மடங்கு நிஜத்தில் எவ்வளவு முன்னால் நிற்கிறது? 25-க்கும் 20.6-க்கும் உள்ள வித்தியாசம்: நுணுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, வெளிச்சத்தில் ஒன்றரை மடங்கு. இது உண்மையான முன்னிலை, குறைத்துச் சொல்ல மாட்டேன். பட்டப்பகலில் தொலைவுப் பறவை மட்டுமே உங்கள் தேவை என்றால் எஸ்எக்ஸ்740 நல்ல கேமரா. நான்கில் விலையும் மிகக் குறைவான வரிசையில் வருவது. அதில் ஒரு தனிப் பொத்தான் உண்டு. முழு ஜூமில் பறவை சட்டகத்தை விட்டு நழுவிவிட்டால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். லென்ஸ் தானாகப் பின்வாங்கி அகலமாகக் காட்டும். பறவையைக் கண்டுபிடித்து விரலை எடுத்தால் மறுபடி பழைய இடத்துக்கே நீளும். நீள்ஜூமைப் பழகாதவர்களுக்கு இது பெரிய உதவி. எத்தனையோ பேர் "பறவை எங்க போச்சுன்னே தெரியல" என்று கேமராவைப் பைக்குள் போட்டுவிடுவதை ஏரிக்கரையில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சித்தப்பாவின் தேவை பறவையோடு முடியவில்லை. மாலை ஆறரைக்குக் கோபுர விளக்கு எரியும் நேரம், பிரகாரத்தின் மங்கல் வெளிச்சம், ஆண்டு விழா மேடை. அங்கே சென்சாரின் பரப்பு பேசும். கேனானிலும் எச்எக்ஸ்99-இலும் இருப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. மற்ற இரண்டிலும் "ஒரு அங்குலம்" என்று அழைக்கப்படுவது. பெயரில்தான் அங்குலம், நிஜத்தில் 13.2-க்கு 8.8 மி.மீ. இருந்தாலும் பரப்பு நான்கு மடங்கு. அகல முனையில் வாய்க்கணக்குப் போட்டால் டிஇசட்200 கேனானைப் போல நான்கு மடங்கு வெளிச்சம் வாங்குகிறது, மார்க் 7 ஆறு மடங்கு. கேனானில் ரா கோப்பும், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பும், கிடையாது. மற்ற மூன்றிலும் உண்டு. இருட்டில் எடுத்த படத்தைப் பிறகு கணினியில் தேற்ற வேண்டுமென்றால் ரா இல்லாமல் கை கட்டப்பட்டது போலத்தான்.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஐ ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். இந்த நால்வரில் மிகக் கெட்டிக்காரன் அது. 357 இடங்களில் குவியம் பிடிக்கும், நொடிக்கு 20 படம் எடுக்கும், ஓடுகிற குழந்தையின் கண்ணை விடாமல் தொடரும், மைக் செருகும் துளையும் உண்டு. வீட்டு விசேஷம், கும்பாபிஷேகக் கூட்டம், மேடை நடனம் என்றால் யோசிக்கவே வேண்டாம். தூர முனையில் எஃப் 4.5 என்பது, சென்சாரின் அதே பரப்பில், டிஇசட்200-இன் எஃப் 6.4-ஐவிட இரு மடங்கு வெளிச்சம். ஆனால் 200 மி.மீ. வேடந்தாங்கலுக்குப் போதாது. எச்எக்ஸ்99 காட்டும் அளவுக்கு வெட்டினால் ஒன்றரை மெகாபிக்சல்தான் தேறும். விலையும் அப்படி. வெளிவந்தபோது அமெரிக்காவில் இது 1,200 டாலர், டிஇசட்200 800 டாலர், எஸ்எக்ஸ்740 400 டாலர்.

இனி, எண்களில் வராத ஒன்று: கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். எங்கள் ஊர் வெயிலில் காலை எட்டரைக்கு மேல் எந்தக் கேமராவின் பின்திரையும் கண்ணாடி மாதிரி முகத்தைத்தான் காட்டும். சித்தப்பாவுக்கு வெள்ளெழுத்து. திரை தெரிய வேண்டுமென்றால் கையை முழுக்க நீட்டியாக வேண்டும். நீட்டிய கையில் 700 மி.மீ. ஜூம் என்ன ஆட்டம் ஆடும் என்று பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே கேமராவை நெற்றியில் ஒட்டி, முழங்கைகளை விலாவில் அணைத்துப் பிடித்தால் பாதி ஆட்டம் அடங்கிவிடும். கேனானில் வியூஃபைண்டர் இல்லை. எச்எக்ஸ்99-இல் மூலையிலிருந்து மேலெழும்பும் குட்டி ஒன்று உண்டு, 6.38 லட்சம் புள்ளிகள். மார்க் 7-இலும் மேலெழும்புவதுதான், ஆனால் தெளிவானது. டிஇசட்200-இல் உடம்போடு பதிந்தது, 23 லட்சம் புள்ளிகள். எடுத்தவுடன் கண் வைக்கலாம். பானாசோனிக் 2025-இல் கொண்டுவந்த டிஇசட்99-ஐயும் பார்த்தேன். 30 மடங்கு, சின்ன சென்சார், யூஎஸ்பி-சி வசதி. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் கேமராக்களுக்கும் யூஎஸ்பி-சி கட்டாயம் என்றாகிவிட்டது. ஆனால் அதன் முன்னோடியான டிஇசட்95-இல் இருந்த வியூஃபைண்டரை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. சார்ஜர் வயரை யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளலாம், கண்ணை வாங்க முடியாது.

பேட்டரி: ஒரு சார்ஜில் டிஇசட்200 370 படம், கேனான் 265, மார்க் 7 260 என்பது தரநிலைக் கணக்கு. எதுவானாலும் இன்னொரு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மாடல்கள் என்பதால் பலருக்கும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். அங்கே விலையைவிடத் தூசியைக் கவனிக்க வேண்டும். உள்ளிருந்து நீண்டு வரும் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் போகிறது. லென்ஸைக் கழற்ற முடியாததால் நாமே துடைக்கவும் முடியாது. முன்பு நான் வைத்திருந்த ஒரு ஜூம் கேமராவில் மூன்றாம் வருஷம் வானத்தில் ஒரு சாம்பல் பொட்டு வந்தது. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கியிருக்கலாம். வாங்குமுன் எஃப் 8 வைத்து, ஜூமை முழுக்க இழுத்து, வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பொட்டு இருந்தால் அதில் தெரிந்துவிடும். கையில் கிடைத்தபின் ஜிப் வைத்த சின்ன உறையில் போட்டு வைத்தால் பைத்தூசி அண்டாது.

எந்தக் கேமராவாலும் ஆகாதது ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு மேல் நிலம் சூடேறினால் கானல் அலைய ஆரம்பிக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் கொதிக்கும் பாத்திரத்தின் மேலாகப் பார்ப்பது போல நெளியும். 40 மடங்கில் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகும். ஆறரைக்குக் கரையில் இருங்கள்.

"அப்ப எதைத்தான் வாங்கறது?" என்றார் சித்தப்பா, இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு.

"பறவை மட்டும்னா கேனான். பட்ஜெட் கம்மின்னாலும் கேனான். பேத்தி டான்ஸ் மட்டும்னா மார்க் 7. உங்களுக்கு மூணும் வேணும், கண்ணு வெச்சுப் பார்க்கணும், அதனால டிஇசட்200. எச்எக்ஸ்99 எடை கம்மி, ஆனா அது எட்டுற தூரத்துக்கு இதுவும் எட்டிடுது சித்தப்பா."

பழையது ஒன்று தேடிப் பிடித்தோம். வெள்ளைச் சுவர்ச் சோதனையில் தேறியது. மறு ஞாயிறு விடியலில் வேடந்தாங்கல் கரையில் நாற்பது மீட்டர் தள்ளி ஒரு நத்தைகுத்தி நாரை நின்றிருந்தது. சித்தப்பா முழங்கையை விலாவில் அணைத்து, மூச்சை அடக்கி, நாலு படம் எடுத்தார். கண்காணிப்புக் கோபுர நிழலில் உட்கார்ந்து ஒன்றைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். மூடிய அலகின் நடுவே ஒரு மெல்லிய சந்து, அதன் வழியே பின்னால் இருந்த தண்ணீரின் வெளிச்சம். இத்தனை வருஷம் பைனாகுலரில் பார்த்ததை முதல்முறையாகக் கையில் பிடித்துக் காட்டினார். பிறகு நோட்டைத் திறந்து தேதி போட்டார்.