எச்12 காட்டி விற்ற எச்டிகேம் டெக்: பழைய மெஷின் வாங்குவோர் கவனத்துக்கு

கடலூரில் டேப்களைக் கணினிக்கு மாற்றும் வேலைக்காக, புதுச்சேரி வியாபாரி ஒருவரிடம் சோனி எச்டிடபிள்யூ-எம்2000 என்ற எச்டிகேம் டெக் (சோனியின் அரை அங்குல எச்டி வீடியோ டேப்பில் பதியவும் ஓட்டவும் செய்யும் மெஷின்) வாங்கி ஏமாந்தாயிற்று. "ஹெட் புதுசுண்ணே, முந்நூறு மணி நேரம்கூட ஓடல" என்று மீட்டரைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். படம் பொய்யில்லை. ஆனால் அது எச்12.

இந்த டெக்குகளின் ஹவர்ஸ் மீட்டரில் இரண்டு வரிசை உண்டு. எச்01 பவர் போட்ட நேரம், எச்02 டிரம் (டேப்பில் எழுதும், படிக்கும் ஹெட்டுகள் பொருந்திய உருளை) சுழன்ற நேரம், எச்03 டேப் ஓடிய நேரம், எச்04 டேப் கோத்த தடவைகள். இவை மொத்தக் கணக்கு. எச்12, எச்13, எச்14 அவற்றில் கடைசி மூன்றேதான், ஆனால் சுழியமாக்கக் கூடியவை. டிரம் மாற்றியதும் மெக்கானிக் எச்12-ஐ சுழியமாக்குவது முறையான வழக்கம். டிரம் மாற்றாமலே அதைச் செய்வதும் அதே மெனுவில்தான். வந்த மெஷினில் எச்02 ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது! ஆகவே இரண்டு எண்ணும் ஒரே வீடியோவில் வேண்டும். டிரம் மாற்றியதாகச் சொன்னால் சர்வீஸ் ரசீதும் வேண்டும். ரசீது இல்லையா, எச்02-தான் டிரம்மின் வயது. அரை அங்குல டெக் விற்பனையை சோனி 2016-இலேயே நிறுத்திவிட்டது. டிரம் தேய்ந்தால் இன்னொரு பழைய மெஷினை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

டெமோவில் அடுத்த வித்தை. அதே மெஷினில் பதிந்த டேப்பையே ஓட்டிக் காட்டினார். டேப்பைச் சரியான பாதையில் நடத்தும் கைடு விலகியிருந்தாலும், விலகிய கோணத்தில் எழுதியதை அதே கோணத்தில் படித்துவிடும். வேறு மெஷினில் பதிந்த டேப்பைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். மறுபக்கமும் பாருங்கள்: வாங்கப்போகும் மெஷினில் கலர் பாரும் டோனும் (சோதனைக்கான வண்ணப் பட்டையும் ஒலியும்) ஐந்து நிமிடம் பதிந்து, வேறு டெக்கில் ஓட்டுங்கள். பழைய அனலாக் வகையான பீட்டாகேம் எஸ்பி டேப் அழகாக ஓடியது என்பது எச்டிகேமுக்குச் சாட்சி ஆகாது.

படத்தைக் காட்டியது காம்போசிட் (தரம் குறைந்த அனலாக் இணைப்பு) வழியாக, சின்ன டிவியில். அதில் பிழையால் வரும் சிறு கட்டங்கள் கரைந்து போகும். எச்டி-எஸ்டிஐ என்ற டிஜிட்டல் எச்டி அவுட்டை எச்டி மானிட்டரில் கொடுங்கள். கண் மட்டும், டேப்பிலிருந்து வரும் சிக்னலின் நிலையைக் காட்டும் சேனல் கண்டிஷன் விளக்கில் இருக்கட்டும். பச்சை நல்லது. மஞ்சள் அடிக்கடி வந்தால் பிழை திருத்தம் முட்டுக்கொடுத்து நிற்கிறது, படம் சுத்தமாகத் தெரிந்தாலும். சிவப்பு வந்தால் கிளீனிங் கேசட்டைச் சில நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஓட்டினால் மிச்சமிருக்கும் ஹெட்டும் போய்விடும்.

இதே வரிசையில் வரும் எம்2100-ஐ ரெக்கார்டர் என்று விற்பதும் நடக்கிறது. அது வெறும் பிளேயர்.

கடற்கரை ஊர் மெஷின் என்றால் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். வீடியோ கேபிள் மாட்டும் பிஎன்சி முனைகளில் பச்சைக் களிம்பு, பவர் சப்ளை கபாசிட்டரில் உப்பல், இரண்டில் ஒன்று இருந்தாலும் விலை பேச வேண்டாம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த மெஷினில் ஈரப்பத எச்சரிக்கை வந்தால் அது காயும்வரை டேப் போடக் கூடாது. ஈர டிரம்மில் டேப் ஒட்டிக்கொள்ளும்.

முதல் ஓட்டத்துக்கு வீணான டேப் போதும். வெளியே வந்ததும் அதன் விளிம்பில் மடிப்போ கீறலோ இருந்தால் மாஸ்டர் டேப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முன்பணம் கேட்டால், சோதனைக்குப் பிறகு என்று சொல்லுங்கள், எங்களுக்கு முழுப் பணமும் போன பிறகு கிடைத்த பதில், "பழைய சாமான்ணே, அப்படித்தான் இருக்கும்."