'டிரம் !' என்று வந்ததும் பிரிண்டரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

தாம்பரம் பக்கம் டியூஷன் நடத்தும் ஒரு வீடு. பிரதர் கம்பெனியின் எச்எல்-எல்2321டி லேசர் பிரிண்டர். வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே நின்று, திரையில் 'டிரம் !' என்று வந்தது. டிரம் என்பது மைப்பொடியைத் தாளில் பதிக்கும் உருளை. கூகுளில் தேடி, முதலில் கண்ணில் பட்ட 'சர்வீஸ் சென்டர்' எண்ணுக்குப் போன் போட்டார்கள். வந்த ஆள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "டிரம் போச்சு சார், போர்டுலயும் ஷார்ட் ஆகியிருக்கு" என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலாம் நாள் திரும்பி வந்தது. புது டிரம், போர்டு சர்வீஸ், லேபர் என்று 6,400 ரூபாய்க்குத் துண்டுச்சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை.

மிஷின் ஓடியது. ஆனால் தாளுக்குத் தாள் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு. டிரம்மை வெளியே எடுத்துப் பார்த்தால், முன்பு மாட்டியபோது வீட்டுக்காரர் மார்க்கரில் ஓரமாக எழுதிவைத்த தேதி அப்படியே இருக்கிறது. அதன் மேலுள்ள, உள்ளே ஓடும் கம்பியைத் துடைப்பதற்கான பச்சை நாக்கு பாதி வழியில் நிற்கிறது. அந்த நாக்கை நாலு தடவை இழுத்துவிட்டதுதான் நடந்த ரிப்பேர். அதையும் ஒழுங்காக முடிக்கவில்லை.

இந்த மாடல்களில் 'டிரம் !' என்றால் கொரோனா ஒயரைத் துடைக்கச் சொல்கிறது என்று அர்த்தம். டிரம்மின் ஆயுள் முடிந்தால் வருவது வேறு செய்தி: 'ரீப்ளேஸ் டிரம்' அல்லது 'டிரம் ஸ்டாப்'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பிழைப்பு நடக்கிறது.

கொரோனா ஒயர் டிரம்முக்கு நீளவாக்கில் ஓடும் மெல்லிய கம்பி. டிரம்மின் மேற்பரப்புக்கு மின்னேற்றம் கொடுப்பது அதுதான். காகிதத் தூசியும் டோனர் எனும் மைப்பொடியும் அதில் அப்பிக்கொண்டால் மின்னேற்றம் சீராக விழாது. ரீஃபில் டோனர் கசியும் மிஷினில் இந்தத் தொல்லை சீக்கிரமே வரும்.

துடைக்க இரண்டு நிமிடம் போதும். முன்மூடியைத் திறந்து, டோனரும் டிரம்மும் சேர்ந்த முழு யூனிட்டை வெளியே இழுங்கள். கீழே பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், பொடி கொட்டும். பச்சை நாக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழெட்டுத் தடவை மெதுவாகத் தள்ளி இழுங்கள். கடைசியில் அது கிளம்பிய இடத்துக்கே, அம்புக்குறிக்கு நேராக வந்து நிற்க வேண்டும். நடுவில் விட்டால் அந்தக் கறுப்புக் கோடு வரும். டிரம் உருளையில் விரல் படக்கூடாது, வெளிச்சத்தில் நெடுநேரம் வைக்கவும் கூடாது. பொடி சட்டையில் பட்டால் தட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சுடுநீர் பட்டால் கறை ஊன்றிவிடும். இவ்வளவும் செய்து அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தால், அப்போது புது டிரம் பற்றி யோசிக்கலாம்.

டிரம் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதையும் மிஷினிடமே கேட்கலாம். மெனுவில் 'மெஷின் இன்ஃபோ', அதற்குள் 'பார்ட்ஸ் லைஃப்', அதற்குள் 'டிரம்'. மீதி ஆயுள் சதவீதத்தில் வரும். இந்த மாடலுக்கான டிஆர்-2365 டிரம்முக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு சுமார் 12,000 பக்கம். மிஷின் வெளியே போகுமுன் இந்தத் திரையையும், டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் 100 சதவீதம் காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். அந்தக் கவுண்டர் தானாக மாறுவதில்லை, கையால் ரீசெட் செய்வது. பழைய டிரம்மை வைத்துக்கொண்டே ரீசெட் பண்ணிவிடலாம். அதனால் கழற்றிய பழைய பாகத்தையும் புது பாகம் வந்த டப்பாவையும் கையில் கொடுத்தால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நியாயமான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

'போர்டு போச்சு' என்று சொல்ல வசதியான இன்னொரு செய்தி, 'செல்ஃப் டயக்னாஸ்டிக்'. மைப்பொடியைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃப்யூசர் குறித்த நேரத்துக்குள் சூடேறாவிட்டாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ இது வரும். ஆஃப் செய்து, சில விநாடி விட்டு ஆன் செய்து, எதையும் அடிக்காமல் 15 நிமிடம் அப்படியே விடுங்கள். மிஷினை வீட்டு யுபிஎஸ்ஸிலோ, பத்து சாமான் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றிச் சுவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். ஃப்யூசர் சூடேறும்போது இழுக்கும் கரண்ட் அதிகம். வோல்டேஜ் படுத்தால் பிரிண்டர் கோளாறு மாதிரியே தெரியும்.

போன் நம்பர் விஷயம். வாரன்டி அட்டையிலோ மேனுவலிலோ இருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். கூகுளில் மேலே வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். போனிலேயே சரிசெய்கிறேன் என்று எனிடெஸ்க் போன்ற, நம் போனையோ கணினியையோ வேறிடத்திலிருந்து இயக்கவிடும் செயலியை ஏற்றச் சொன்னால் வைத்துவிடுங்கள். இந்தச் செயலி வழியாக வங்கிக் கணக்கைக் காலி செய்வது பற்றி ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். போடாத டிரம்முக்குப் பில் போட்ட கதைக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் கொடுக்கத் துண்டுச்சீட்டும், முன்பு எடுத்த போட்டோவும், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டும் வேண்டும்.