அலுவலகத்துக்கே வரும் ஹெட்ஷாட் சேவை: கேமராவை விடுங்கள், நேரத்தைக் கேளுங்கள்

ஹெட்ஷாட் (தலையும் தோளும் மட்டும் தெரியும் அலுவல் படம்) எடுக்க ஊழியர்களை ஒவ்வொருவராக ஸ்டூடியோவுக்கு அனுப்பாமல், புகைப்படக்காரரையே அலுவலகத்துக்கு வரவழைக்கும் சேவை சென்னை, கோவை நிறுவனங்களுக்கு நன்றாகவே பழக்கம். மீட்டிங் ரூமில் சாம்பல் நிறப் பேப்பர் ரோல், இரண்டு ஃபிளாஷ், ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸ், பக்கத்தில் லேப்டாப். ஒரே நாளில் எல்லோருக்கும் ஒரே பின்னணியில் படம் கிடைத்துவிடும் என்பதுதான் இதன் பெரிய பலன். இணையதளத்தின் 'எங்கள் குழு' பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் தலைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள், முன்கூட்டியே என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்ற இரண்டிலும்தான் சேவைக்குச் சேவை தரம் மாறுகிறது. விலைப்பட்டியலில் கேமரா மாடலைப் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கணக்கு எளியது. 40 பேருக்குத் தலைக்கு 5 நிமிடம் என்றால் 200 நிமிடம்; மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். 10 நிமிடம் என்றால் 400 நிமிடம், முழுநாள். மலிவான பேக்கேஜ் பெரும்பாலும் முதல் கணக்கில் ஓடுவது. அந்த 5 நிமிடத்தில் காலரைச் சரிசெய்து, வியர்வையை ஒற்றி, நிற்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பதற்குள் நேரம் போய்விடும். கேமரா பழக்கமில்லாதவரின் முகம் இளகுவதற்கே பத்துப் பதினைந்து கிளிக் ஆகும். முகம் இளகும் நேரத்தில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஆகவே 10 நிமிடத்துக்குக் குறைவாகத் தருபவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை. எடுத்த படத்தை லேப்டாப் திரையில் அங்கேயே காட்டுவார்களா என்றும் கேளுங்கள். கண் மூடியது, டை கோணியது எல்லாம் அப்போதே கண்ணில் பட்டுவிடும்.

அறை விஷயத்தில் நிறுவனமும் ஒத்துழைக்க வேண்டும். ஆள் பின்னணியிலிருந்து 5 அடியாவது முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நிழல் திரையில் விழும். கேமரா இன்னொரு 6 அடி தள்ளி. அதற்குப் பின்னால் புகைப்படக்காரருக்கும் இடம் வேண்டும். மொத்தம் 15 அடி நீளம் இல்லாத அறையைக் கொடுத்தால் அவர் நெருங்கி வந்து எடுப்பார். மூக்கு பெரிதாகவும் காது உள்வாங்கியும் தெரியும். இது தூரத்தால் வரும் கோளாறு, லென்ஸை மாற்றினால் தீராது. 85 முதல் 105 மி.மீ. லென்ஸைப் பயன்படுத்துவதே அந்தத் தூரத்தில் நின்று படச் சட்டத்தை முகத்தால் நிரப்பத்தான். ஜன்னல் திரையை மூடி, கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷின் வெள்ளையோடு எல்.இ.டி. வெளிச்சமும் வெயிலும் கலந்தால் ஒரு கன்னம் பச்சை, மறுகன்னம் நீலம்.

நல்ல சேவையின் அடையாளம், ஒரு வாரம் முன்பே வரும் தயாரிப்புக் குறிப்பு. அது வராவிட்டால் நீங்களே செய்துகொள்ள வேண்டியவை இவை. முடிவெட்டுவது ஐந்தாறு நாள் முன்னால். புதிதாக வெட்டிய ஓரங்கள் படத்தில் கடுமையாகத் தெரியும். டை அடிப்பதும் அப்படியே, நெற்றியோரக் கறை போக நாலு நாள் ஆகும். திரெடிங் இரண்டு நாள் முன்பு. ஃபேஷியல், பிளீச் இரண்டையும் அந்த வாரத்தில் தொடவே வேண்டாம், சிவந்து பொரிந்தால் அடங்க நேரமிருக்காது. முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வகிட்டிலும் நெற்றியிலும் வெள்ளைத் திட்டாகப் பளபளக்கும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனை அன்று தவிர்ப்பது நல்லது. ஃபிளாஷில் முகம் மட்டும் கழுத்தைவிட வெளுத்துத் தெரியக்கூடும்.

சட்டையில் பொடிக்கட்டமும் நெருக்கமான கோடும் வேண்டாம். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரின் புள்ளி வரிசையோடு அவை மோதி, துணியில் இல்லாத வானவில் அலைகளை உண்டாக்கும். பிறகு அதை எடுப்பது பெரிய வேலை. வெளிர்நீலம், அடர்நீலம், கருஞ்சாம்பல் எல்லாம் சாம்பல் திரைக்கு முன் நன்றாக நிற்கும். வெள்ளைச் சட்டை என்றால் உள்ளே கை வைத்த வெள்ளை பனியனின் ஓரம் தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமான வி-கழுத்து பனியன் போடுங்கள். இஸ்திரி போட்டதை ஹேங்கரில் எடுத்துவந்து அங்கே மாற்றுங்கள். பைக்கில் அணிந்து வந்த சட்டையில் பை வாரின் மடிப்பு தோளில் குறுக்காக நிற்கும்.

சேலைக்குப் பட்டைவிடக் கஞ்சி போட்ட கைத்தறிப் பருத்தி நல்லது. செட்டிநாட்டுப் பருத்தியோ கோவைப் பருத்தியோ தோளில் மடிப்பு நேராக நிற்கும். அகலமான ஜரிகைக் கரை ஃபிளாஷைத் திருப்பி அடித்து முகத்திலிருந்து கண்ணை இழுத்துவிடும். தோள் ஊக்கை உள்பக்கமாகக் குத்துங்கள். தாலிச் சங்கிலி வெளியிலா உள்ளேயா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதி தெரிவதுதான் உறுத்தும். பொட்டு வைப்பவர்கள் கல் பதித்ததை விட்டு மேட் ஸ்டிக்கர் வைக்கலாம்.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: வெயிலில் கறுக்கும் லென்ஸ் வெளியிலிருந்து வந்த பிறகும் சில நிமிடங்கள் மங்கலாகவே இருக்கும். பழைய சாதாரணக் கண்ணாடி இருந்தால் கொண்டுவாருங்கள். நீல ஒளியைத் தடுக்கும் புளூ-கட் பூச்சு ஊதா நிறத்தில் மின்னும். விளக்கை உயர்த்தி, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் சற்றே தூக்கி வைத்தால் பிரதிபலிப்பு கீழே போய்விடும். இது தெரிந்த புகைப்படக்காரர் அரை நிமிடத்தில் செய்வார். தெரியாதவர் "கண்ணாடியைக் கழற்றிடுங்க சார்" என்பார்; தினமும் கண்ணாடியோடு உங்களைப் பார்ப்பவர்களுக்குப் படம் அந்நியமாகிவிடும்.

சென்னைப் புழுக்கத்தில் வந்தவர் ஏ.சி.யில் 15 நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். டிஷ்யூவால் ஒற்றுங்கள், தேய்த்தால் சிவக்கும். நிற்கும்போது உடம்பைச் சற்றுத் திருப்பி, எடையைப் பின்காலில் போட்டு, முகவாயை முன்னால் நீட்டி இம்மியளவு தாழ்த்த வேண்டும். செய்பவருக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். படத்தில் தாடைக்கோடு தெளிவாகும், இரட்டை நாடி மறையும்.

இந்தச் சேவைகளில் மிகவும் வருத்தம் தருவது ரீடச், அதாவது எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது. பரு, ஒட்டிய நூல், கலைந்த முடி என்று தற்காலிகமானவற்றை நீக்குவது சரி. கேட்காமலே நிறத்தை வெளுப்பாக்கித் தருவது சரியல்ல. கறுத்த தோலுக்கு வேண்டியது சரியான எக்ஸ்போஷரும் (படத்தில் பதியும் ஒளியின் அளவு), நெற்றியிலும் கன்னத்திலும் மென்மையாக விழும் பெரிய வெளிச்சமும். அவை இருந்தால் அந்தத் தோலின் செழுமை முழுதாகப் படத்தில் வரும். முதல் படத்தில் சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி வெள்ளைச் சமநிலை (நிறங்கள் உள்ளபடியே வருகின்றனவா என்று) பார்ப்பவர் கிடைத்தால் விடாதீர்கள். 'நிறம் மாற்றக் கூடாது, மச்சமும் தழும்பும் இருக்க வேண்டும்' என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஒப்படைக்கும்போது இரண்டு அளவு வாங்குங்கள். இணையத்துக்கு எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் (திரைகளுக்கான பொதுவான நிற முறை) ஒரு ஜேபெக், அச்சுக்கு 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பெரிய கோப்பு. 5×7 அங்குலத்துக்கு 1500×2100 பிக்சல் தேவை. லிங்க்ட்இன் படத்தை வட்டமாக வெட்டும்; தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். விலை சொல்லும்போது 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். இன்னொன்று: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பல விலைப்புள்ளிகளின் கடைசிப் பக்கத்தில் அதை மாற்றும் வரி இருக்கும். முன்பணம் அனுப்புவதற்குள் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.