7 வருசத்தில 3 கப்பல் பயணம்: கரையில நிண்டது எத்தின மணித்தியாலம்?

மட்டக்களப்பில இருந்து கொழும்பு பஸ் ஏறினவங்களுக்கு ஹபரணைத் தேத்தண்ணிக்கடை தெரியும். கொண்டக்டர் பத்து நிமிசம் எண்டு சொல்லி இறக்கி விடுவான், நாம டொய்லட் வரிசைல நிண்டு வெளிய வந்து ஒரு பிளேன்டீ சொல்லி அது கொதிக்கக் கொதிக்க கைக்கு வரக்குள்ள பஸ் கோண் அடிக்கத் தொடங்கிரும், மறுகா பாதிய ஊத்திட்டு ஓடணும். குரூஸ் கப்பல்ல போய் ஊர் பாக்கிறதும் அதேதான், காசு மட்டும் லட்சக்கணக்கில.

2017ல ஒண்டு, 2018ல ஒண்டு, 2024ல ஒண்டு, மூண்டு தரம் போயிருக்கன். மூண்டும் வேற வேற கம்பனி, பேர் சொல்ல விருப்பமில்ல, ஏனெண்டா நான் சொல்லப் போற குறை ஒரு கம்பனிட குறை இல்ல. ரூம் நல்லம், சாப்பாடு அளவுக்கு மிஞ்சி நல்லம், வேலை செய்யிற பொடியன்மாரும் தங்கமான ஆக்கள். என்ட கோபம் எல்லாம் அந்த துறைமுகத்தில நிக்கிற நேரத்திலதான். கூட்டுறவுச் சங்கத்தில 30 வருசம் கணக்கு எழுதினவன் நான், பென்சன் எடுத்தும் பழக்கம் போகல்ல, போற இடமெல்லாம் ஒரு சீஆர் கொப்பி கொண்டு போவன். எத்தின மணிக்கு கப்பல் வந்த, எத்தின மணிக்கு என்ட கால் மண்ணில பட்ட, எத்தின மணிக்கு திரும்பி ஏறின எண்டு எல்லாம் அதில கிடக்கு. மனிசி சிரிப்பா. ஆனா இப்ப சொந்தக்காரர் ஆர் குரூஸ் போறதெண்டாலும் அவதான் "அந்தக் கொப்பிய எடுத்துக் காட்டுங்க" எண்டுறா.

முதல் பயணம் சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெற். சிங்கப்பூருக்கு நம்மட பாஸ்போட்டுக்கு முன்கூட்டி விசா தேவயில்ல, அதால அங்க இருந்து ஏறுறது லேசு. பினாங்கு உண்மையா அருமை. சுவெட்டன்ஹாம் துறையில கப்பல் கட்டினா இறங்கி நடந்தே ஜோர்ஜ் டவுனுக்குள்ள போகலாம். நான் குவீன் ஸ்ட்ரீற் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய், அது 1833ல கட்டின கோயில், ஆறுதலா கும்பிட்டு, பக்கத்தில லிட்டில் இந்தியாவில வாழையிலைல சோறு தின்னு, கப்பலுக்கு திரும்பி வந்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டு, பின்னேரம் திருப்பியும் இறங்கி நடந்தம். கப்பல் நிண்டது 9 மணித்தியாலம், கொப்பில எழுதிக் கிடக்கிறது 7. இதுதான் குரூஸ் எண்டு நம்பிட்டம்.

அடுத்த நாள் புக்கெற்ல நம்பிக்கை போயிட்டு. படோங் கடல்ல நடுவில நங்கூரம் போட்டு, டெண்டர் எண்ட குட்டி போட்ல ஏத்தித்தான் கரைக்கு அனுப்புவாங்க. அதுக்கு நம்பர் துண்டு. கப்பல்லேயே டூர் காசு கட்டினவங்களுக்கு முதல் போட், நம்மளப் போல சும்மா போறவங்க தியேட்டருக்குள்ள குந்திக்கொண்டு நம்பர் கூப்பிடும் மட்டும் காத்துக்கிடக்கணும். 9 மணிக்கு நங்கூரம் போட்ட கப்பல்ல இருந்து நாம கரைல கால் வெச்சது 11.40க்கு. கடைசி போட் 4.30க்கு. சரி அதாவது இருக்கே எண்டு கடற்கரைல படுத்துக் கிடக்கன், போன்ல பாத்தா 3.05, இன்னும் ஒரு இளநி குடிக்கலாம் எண்டு நினைக்கக்குள்ள மனிசி "இஞ்ச பாருங்க, மணி நாலு அஞ்சு" எண்டுறா. அவட கையில கட்டியிருந்தது கலியாணத்துக்கு மாமா குடுத்த பழைய சிற்றிசன் மணிக்கூடு. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. விசயம் என்னெண்டா தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணித்தியாலம் பின்னால, போன் தானா தாய்லாந்துக்கு மாறிட்டு, கப்பல் சிங்கப்பூர் நேரத்திலதான் ஓடுது, 4.30 எண்டு அவங்க சொன்னது கப்பல் நேரம். செருப்பக் கையில தூக்கிக்கொண்டு அந்த மணல்ல ஓடின ஓட்டம், எனக்கு அப்ப 51 வயசு, 4.25க்கு ஜெட்டில ஏறினம். ரெண்டு வெள்ளக்காரப் பொடியன்மார் எங்களப் பாத்து கை தட்டினாங்க. கப்பல் கம்பனி ஒழுங்கு பண்ணின டூர் பஸ் பிந்தினா கப்பல் காத்துக்கொண்டு நிக்கும், தனியப் போனவனுக்கு நிக்காது, அடுத்த துறைமுகத்துக்கு சொந்தக் காசில போய்ப் பிடிக்கணும்.

2018 செப்டம்பர்ல லண்டன்ல இருக்கிற தம்பி குடும்பத்தோட மத்தியதரைக் கடல். இதுக்கு செங்கன் விசா, அப்ப ஒரு ஆளுக்கு 60 யூரோ, இப்ப 90. விசாவுக்கு கைரேகை வைக்க இரவு ரயில்ல கொழும்புக்குப் போய் திரும்பி வந்தம். மனிசி கத்தோலிக்கம், புளியந்தீவு மரியாள் பேராலயத்துப் புள்ள, அவவுக்கு அந்தப் பயணத்தில வேணும் எண்டது ஒண்டே ஒண்டுதான், வத்திக்கான்ல புனித பேதுரு பேராலயத்துக்குள்ள போய் முழந்தாள் போடணும். புத்தகத்தில அச்சடிச்சு இருந்தது 'றோம், காலை 7 முதல் இரவு 7 வரை'. 12 மணித்தியாலம்! நானும் வாயப் பிளந்திட்டன்.

கப்பல் றோமுக்குப் போகாது. போறது சிவிற்றாவெக்கியா எண்ட துறைமுகத்துக்கு, அங்க இருந்து றோம் 75, 80 கிலோமீற்றர் வரும், மட்டக்களப்பில இருந்து திருக்கோவிலுக்குப் போற அளவு. இதே மாதிரி புளோரன்ஸ் எண்டு போட்டிருந்தா அது லிவோர்னோ, அங்கயும் 90 கிலோமீற்றர் கிட்ட. அக்கரைப்பத்தில இறக்கி விட்டுட்டு இதுதான் மட்டக்களப்பு, போய் வாவியப் பாருங்க எண்டு சொன்னா நம்மட ஆக்கள் அடிச்சே போடுவாங்க. இறங்கி, கப்பலடில இருந்து துறைமுக வாசலுக்கு ஒரு பஸ், வாசல்ல இருந்து ஸ்டேசனுக்கு இன்னொண்டு, ரயில், றோம் டெர்மினி ஸ்டேசன்ல இறங்கக்குள்ள 10.15. தம்பிட புள்ளைகள் கொலோசியம் கொலோசியம் எண்டு ஒரே கத்து, அதால முதல் அங்க, உள்ள போகல்ல வெளிய நிண்டு போட்டோ மட்டும். சாப்பிட்டு வத்திக்கான் போகக்குள்ள 1.30. அந்த சதுக்கத்த சுத்தி பாதுகாப்பு சோதனைக்கு வரிசை, பாம்பு வளைஞ்ச மாதிரி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல வெயில்ல நிண்டம், எங்களுக்கு முன்னால இன்னும் ஒரு இருநூறு பேர் இருக்கும், அப்ப தம்பி மணிக்கூட்டப் பாத்துட்டு "அண்ணி, இனி ஏலாது, ரயில் பிந்தினா கப்பல் போயிரும்" எண்டான். இத்தாலில ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வாறது எண்டு அவன் முதல் நாள் இரவு முழுக்க வாசிச்சுப் பயந்து போய் இருந்தவன்.

அவ ஒண்டும் கதைக்கல்ல. வரிசைய விட்டு விலகி, சுத்தி நிக்கிற அந்தப் பெரிய கல்தூண், மொத்தம் 284 தூண் அதில, கிட்ட இருந்த ஒண்டில கைய வெச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டா. உள்ளங்கையில வெள்ளைத் தூசு பட்டிருந்தது. அத ரயில்ல வரக்குள்ளயும் துடைக்கல்ல.

இதில எரிச்சல் என்னெண்டா 3.20 ரயிலப் பிடிச்சு கப்பல்ல ஏறக்குள்ள மணி 5.15. கப்பல் வெளிக்கிட்டது 7க்கு. ரெண்டு மணித்தியாலம் கிட்ட மேல்தட்டில குந்திக்கொண்டு ஆருக்கும் பசியில்லாத பீட்சாவத் தின்னம். கொப்பிக் கணக்குப்படி 12ல றோமுக்குள்ள நிண்டது 5 மணித்தியாலம். ரயிலும் வரிசையும் தின்னது பாதி, மத்தப் பாதிய பயம் தின்னுட்டு, அந்தப் பயத்த எந்த அட்டவணைலயும் அச்சடிக்க மாட்டாங்க. தம்பியக் குறை சொல்லவும் ஏலாது, கப்பல் போயிருந்தா அவன்தான் எங்களயும் இழுத்துக்கொண்டு ஓடணும்.

ஏன் இப்படி அவசரப்படுத்துறாங்க எண்டு பொறகு தேடித் தேடி வாசிச்சன். கப்பல் துறைமுகத்தில நிக்கக்குள்ள அநேகமான நாட்டில கசினோவும் டியூட்டி ஃப்ரீ கடையும் பூட்டித்தான் கிடக்கணும், கடலுக்குப் போனாத்தான் திறக்கலாம். நாம கரைல இளநி குடிக்கிற காசு அவங்களுக்கு வராது. அடுத்தது எண்ணெய். வேகத்தக் கூட்டினா எஞ்சினுக்கு வேண்டிய சக்தி அந்தளவோட நிக்காது, இரட்டிப்பு வேகத்துக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு வேணும், அதால வெள்ளெண வெளிக்கிட்டு இரவெல்லாம் மெல்ல மெல்லப் போனா லாபம். 2024ல இருந்து ஐரோப்பாத் துறைமுகங்களுக்கு வாற பெரிய கப்பல்கள் விடுற கரிப்புகைக்கும் காசு கட்டணும், அதுவும் சேந்து போச்சு. இதெல்லாம் நியாயமான காரணம்தான், ஓம். ஆனா அப்ப ஆறு ஊர் காட்டுறம் எண்டு சொல்லி விக்காம மூண்டு ஊர் எண்டு சொல்லி விக்கலாமே.

2024 மே கிரேக்கத் தீவுகள். இதப் பத்தி கனக்க எழுத மனமில்ல. சந்தோரினில திருப்பியும் டெண்டர், கரைல இறங்கினா ஃபிரா எண்ட ஊர் தலைக்கு மேல மலைல கிடக்கு, போறதுக்கு ஒண்டில் கேபிள் கார் இல்லாட்டி கழுதை இல்லாட்டி 588 படி. மனிசிக்கு முழங்கால் வருத்தம், கழுதைல ஏற மாட்டன் எண்டுட்டா, கேபிள் கார் வரிசைல முக்கால் மணித்தியாலம் ஏற, இறங்க ஒண்டரை மணித்தியாலம். அண்டைக்கு எங்களோட இன்னும் மூண்டு கப்பல் நிண்டது. மேல நிண்டது ரெண்டு மணித்தியாலம் அம்பது நிமிசம், அதில அரை மணித்தியாலம் டொய்லட் தேடினது. இப்ப கோடைல அங்க இறங்கிற ஒவ்வொரு கப்பல் ஆளிட்டயும் 20 யூரோ வரி வேற எடுக்கிறாங்க. மைக்கோனோஸ் காத்து பலம் எண்டு நிக்காமலே போயிட்டு, துறைமுக வரி மட்டும் திருப்பித் தந்தாங்க, டிக்கட்ல சின்ன எழுத்தில போட்டிருக்கு கப்டன் எந்தத் துறைமுகத்தையும் விடலாம் எண்டு. வாசிக்காம கையெழுத்து வெச்சது நாமதான்.

இடையில 2023ல ஒரு விசயம் நடந்தது, அதில நாங்க கப்பல்ல இல்ல, கரைல. அந்த வருசம் சென்னைல இருந்து குரூஸ் கப்பல் திருகோணமலைக்கு வரத் தொடங்கின. மனிசிட சின்னம்மாட மகள் சென்னைல கலியாணம் கட்டிப் போனவ, அவ குடும்பத்தோட அதில டிக்கட் போட்டுட்டு "அத்தான், இலங்கைக்கு வாறன், மட்டக்களப்பு கல்லடிக்கும் ஒருக்கா வந்துட்டுப் போறன்" எண்டு கோல் எடுத்தா. நான் கொப்பிய விரிச்சன். திருகோணமலைல இருந்து மட்டக்களப்பு 130 கிலோமீற்றர். முந்தி அந்த றோட்டில பாதை எண்ட மிதவைப் படகில ஏறி ஏறித்தான் போகணும், 2009ல கிண்ணியாப் பாலமும் மறுகா மத்தப் பாலங்களும் வந்ததால இப்ப கெதி, எண்டாலும் போக மூண்டு, வர மூண்டு. அவவுக்கு கரைல கிடைக்கப் போறது அஞ்சு, ஆறு மணித்தியாலம். வராத, நாங்க வாறம் எண்டு சொல்லிட்டன்.

விடிய 4 மணிக்கு வான் பிடிச்சு வெளிக்கிட்டம். மனிசி இரவிரவா வாவி இறால் பொரிச்சு, சோறு கட்டி, ரெண்டு சட்டி எருமைத் தயிரும் எடுத்துக்கொண்டா. 9 மணிக்கு வருவம் எண்டவங்க இமிகிரேசன் வரிசை முடிஞ்சு வாசலுக்கு வரக்குள்ள 10.50. கட்டிப்பிடிச்சு அழுது முடியவே கால் மணித்தியாலம். கோணேசர் கோயிலுக்குப் போற வழில கோட்டைக்குள்ள மரநிழல்ல வான நிப்பாட்டி, சமைச்ச சாப்பாடு கப்பலுக்குள்ள கொண்டு போக விட மாட்டாங்க எண்டதால, அவ அங்கேயே சட்டிய மடில வெச்சு பாணி ஊத்தி கையாலேயே தயிர அள்ளி அள்ளித் தின்னா. கோட்டைக்குள்ள திரியிற மான் ஒண்டு வந்து வான் கதவுக்குள்ள மூக்க நீட்டிக்கொண்டு நிண்டது, அவட மகன் அதப் பாத்து ஒரே சிரிப்பு. கோயிலுக்கு ஓடிப் போய் ஓடி வந்தம். 2 மணிக்கு வாசல்ல விட்டாச்சு. மூண்டு மணித்தியாலம் பத்து நிமிசம், இதுவும் கொப்பில கிடக்கு. மண்சட்டியக் கழுவித் தரச் சொல்லி கொண்டு போயிட்டா, சோதனைல விட்டாங்களாம்.

போக வேணாம் எண்டு நான் ஆருக்கும் சொல்லல்ல. கடல்ல சும்மா மிதக்கிற நாள் இருக்கே, அது எனக்கு சரியான விருப்பம், ஒரு வேலையும் இல்ல, பல்கனில கால நீட்டிக்கொண்டு கிடக்கலாம். டிக்கட் போட முன்னம் நான் இப்ப பாக்கிறது ஊர்ட பேர் இல்ல, துறைமுகத்திட பேர், அது எந்த ஊர், அங்க இருந்து எத்தின கிலோமீற்றர், கப்பல் கரைல கட்டுமா நடுக்கடல்ல நிக்குமா, அண்டைக்கு வேற எத்தின கப்பல் வருது, இரவும் தங்கிற துறைமுகம் ஒண்டாவது இருக்கா. போட்டிருக்கிற மணித்தியாலத்தில பாதியக் கழிச்சுத்தான் கணக்குப் பாக்கணும், டெண்டர் எண்டா மூண்டில ஒரு பங்குதான் மிச்சம். கப்பல் கட்டின ஊர் சும்மா கிடந்தாலும் பரவாயில்ல, அங்கேயே நடந்து ஒரு கடைல குந்தித் தேத்தண்ணி குடிக்கிறது, ரெண்டு மணித்தியாலம் பஸ்ல போய் போட்டோ எடுத்துட்டு வாறத விட எவ்வளவோ நல்லம். அதோட கையில கட்டுற மணிக்கூடு ஒண்டு, கப்பல் நேரத்துக்கு வெச்சது.

தம்பி போன மாசம் வட்ஸப்ல புது இட்டினரி ஒண்டு அனுப்பியிருந்தான், 7 நாள் 6 துறைமுகம், அதில ஒண்டு திருப்பியும் சிவிற்றாவெக்கியா. மனிசி கண்ணாடியப் போட்டுக்கொண்டு என்ட போன வாங்கி ஆறுதலா வாசிச்சுட்டு, அவவே வொயிஸ் போட்டா: "தம்பி, இந்தத் தரம் கப்பல் வேணா. பிளேன்ல றோமுக்குப் போவம், அஞ்சு நாள் நிப்பம், முதல் நாள் விடிய வரிசைல நிக்கிறது நான்." இன்னும் பதில் வரல்ல, ரெண்டு நீலக் கோடு மட்டும் விழுந்து கிடக்கு.