சுண்ணாம்பா, சிமெண்டா? பழைய செங்கல் வீட்டுக்கு எது பொருந்தும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் தாத்தா விட்டுப்போன செங்கல் வீட்டில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிச் சுவர் உதிரத் தொடங்கியது. "சிமெண்ட் அடித்தால் போதும் அண்ணே" என்றார் வந்த கட்டடக் குத்தகையாளர். அடித்தோம். இரண்டே மழைக்காலம், பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது, செங்கலின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு.

பழைய வீடுகளின் அடித்தளத்தில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரத்தைச் செங்கல் மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு, ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அவ்வளவாக வழிவிடாது. ஈரம் உள்ளேயே தங்க, அதிலுள்ள உப்பு செங்கலுக்குள் பூத்து அதைப் பொடியாக்கும். இன்னொன்று, சுண்ணாம்பு மென்மையானது. சுவர் லேசாக அசைந்தால் விரிசல் சாந்தோடு நிற்கும், செங்கல் தப்பிக்கும். (மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இத்தனையும் வீண்.)

சிமெண்டுக்கும் நியாயம் உண்டு. சீக்கிரம் இறுகும், எந்தக் கொத்தனாருக்கும் கைவந்த வேலை. சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் கெட்டிப்படும். புதிதாகக் கட்டிய பின்கட்டுக்கு நானும் சிமெண்டைத்தான் வைத்துக்கொண்டேன்.

2008-இல் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். எங்கள் முன்சுவரையும் சுரண்டிச் சுண்ணாம்பு பூசி ஒரு வருடம் ஆகிறது. சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டுகிறதென்று அம்மா முணுமுணுக்கிறார். சுவர் காய்ந்திருக்கிறது.