ஐஸ் ஹாக்கி ஸ்கேட்: பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா?

போன பருவத்தின் பாதியில் ஒரு நாள். வேகமாக வந்து இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறேன், வலது கால் சட்டென்று வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. விழுந்து எழுந்து பார்த்தால், பனியில் பிளேடு கீறிய மெல்லிய கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம், அகலமாக, மங்கலாக. பிளேடைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் பிளாஸ்டிக் பனியில் உரசியிருக்கிறது. ஸ்கேட்டுக்கு வயது ஒன்பது. "போதும்டா, அதுக்கு ரிடையர்மென்ட் குடு" என்றான் கூட ஆடுகிற நண்பன். கொடுக்கவில்லை. இரண்டு வாரம் யோசித்து, பழுது பார்த்து, இன்றும் அதில்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

நான் எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டது. ஆனால் இதற்கு முந்தைய ஜோடியில் இதே முடிவை எடுத்துச் சூடுபட்டவனும் நான்தான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு பழுதுக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். புதுசு என்றால் எடை குறைவு, உத்தரவாதம் உண்டு, பார்க்கவும் ஜோர். பழசைச் சரிசெய்தால் செலவு குறைவு, கால் பழகிய பூட். சரி, இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் எந்தப் பக்கம் போனாலும் ஏமாற வாய்ப்பிருக்கிறது. ஸ்கேட்டை மூன்று பொருளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பிளேடு, ஹோல்டர், பூட். மூன்றும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை.

முதலில் பிளேடு. ஆட்டக்காரர்களுடைய பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். அடியில் நடுவே ஒரு பள்ளம், அதன் இரு கரையிலும் இரண்டு கூர்விளிம்பு. ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் எஃகு கொஞ்சம் கரைகிறது. பென்சில் சீவுகிற கதைதான். சீவிச் சீவி ஒரு நாள் விரலுக்குள் நிற்காத துண்டாகிவிடும். அதற்காக யாரும் பென்சில் டப்பாவைத் தூக்கிப்போடுவதில்லை. எனக்கு அன்று நடந்ததும் அவ்வளவுதான். பிளேடின் உயரம் குறைந்துபோய், நன்றாகச் சாய்ந்தபோது பிளாஸ்டிக் தரை தட்டி, கூர்விளிம்பைப் பனியிலிருந்து தூக்கிவிட்டது.

பிளேடு மாற்றுவது பெரிய வேலையே இல்லை. பாவர் கம்பெனியின் டூக் லைட்ஸ்பீட் எட்ஜ் போன்ற ஹோல்டர்களில் ஒரு விசையை இழுத்தால் பிளேடு கையோடு வந்துவிடும். பழைய வகைகளில் ஸ்குரூ, நட்டு என்று கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சிலவற்றில் இன்சோலைத் தூக்கிவிட்டு உள்ளேயிருந்து கழற்ற வேண்டியிருக்கும். ஹோல்டரிலோ பிளேடிலோ 254, 263, 272, 280 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும், அது மில்லிமீட்டர் அளவு. பூட் சைஸைச் சொல்லி பிளேடு கேட்காமல், இந்த எண்ணையும் ஹோல்டரின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் உயரமாகிவிடும். புது பிளேடைச் சாணை பிடிக்காமல் பனியில் இறக்க வேண்டாம்.

அடுத்தது ஹோல்டரும், அதைப் பூட்டின் சோலோடு பிணைக்கிற உலோக ஆணியான ரிவெட்டும். திரும்பும்போது காலடியில் "கீச்" என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிவெட் தளர்ந்திருக்கும். ஒரு கையில் பூட்டையும் மறு கையில் ஹோல்டரையும் பிடித்து, துணி பிழிகிற மாதிரி எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். சோலுக்கும் ஹோல்டருக்கும் நடுவே மயிரிழை அசைவு தெரிந்தால்கூட அதுதான். என்னுடையதில் இன்சோலை உருவியபோது (அந்த வாசனையைப் பற்றிப் பேச வேண்டாம்) உள்ளே வரிசையாக ரிவெட் தலைகள் தெரிந்தன. செம்பு ரிவெட்டுகள் கறுத்திருந்தன, ஆனால் இறுக்கம் குறையவில்லை. எஃகு ரிவெட்டுகளைச் சுற்றித் துருவின் பழுப்பு வளையம். வலது காலில் ஒன்று நகத்தால் தள்ளினாலே சுழன்றது. துளையிட்டு எடுத்துவிட்டுப் புது ரிவெட் அடிப்பது, அதற்கான கருவி இருக்கிறவருக்கு அரை மணி நேர வேலை. துளையே பெரிதாகிவிட்டிருந்தால் வாஷர் வைத்தோ, ஸ்குரூவும் நட்டும் போட்டோ சமாளிப்பார்கள். சோலில் விரிசல் விட்டிருந்தால்தான் சிக்கல். ரிவெட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இதுவரை சொன்னதெல்லாம் கடையில் உதிரியாக வாங்கக் கிடைப்பவை. பூட்டின் விறைப்பு அப்படிக் கிடைக்காது. என் கணக்கில் பழுதா புதுசா என்பதைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான்.

பனியை உந்தும்போது நாம் காலைப் பின்னால் தள்ளுவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் தள்ளுகிறோம். தொடையிலிருந்து வருகிற அந்த வலு கணுக்கால் வழியாக, பூட்டின் பக்கச் சுவர் வழியாக, பிளேடின் ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சுவர் விறைப்பாக இருந்தால் கால் சாய்கிற அளவுக்கு பிளேடும் சாயும். சுவர் தொளதொளத்துவிட்டால் கால் மட்டும் சாயும், பூட் மடங்கும், பிளேடு தன் பாட்டுக்கு நிற்கும். பாதி வலு அந்த மடிப்பிலேயே செத்துவிடுகிறது. மீதியைக் கணுக்கால் தசை தாங்கிப் பிடிக்கிறது. ஆட்டம் முடிந்து கால் கழற்றிப்போட்ட மாதிரி வலிப்பது அதனால்தான். பல பேர் இதை வயசு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சோதிப்பது எளிது. லேஸை முழுக்கத் தளர்த்திவிட்டு, பூட்டை மேசையில் வைத்து, கணுக்காலுக்கு மேலே இரண்டு பக்கச் சுவர்களையும் ஒரே கையால் அழுத்துங்கள். முரண்டு பிடித்தால் உயிர் இருக்கிறது. பழைய துணிப்பை மாதிரி ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. அப்புறம் வெளிப்பக்கம் கணுக்கால் எலும்புக்கு நேரே பாருங்கள். மேல் பூச்சில் மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம். விரல் நகம் உள்ளே இறங்குகிற மடிப்பு இருந்தால் அங்கே உள் அடுக்கு உடைந்திருக்கிறது. கடைசியாக ஸ்கேட்டை மாட்டி லேஸைக் கட்டிக்கொண்டு ரப்பர் தரையில் நில்லுங்கள், யாரையாவது பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முந்தைய ஜோடிக்குப் புது ஹோல்டர், புது பிளேடு, புது ரிவெட் எல்லாம் போட்டேன். பனியில் இறங்கினால் வித்தியாசமே இல்லை. சாணை சரியில்லை என்று மறுபடி சாணை பிடித்தேன். அப்புறம், ஹோல்டரைக் கோணலாகப் பொருத்திவிட்டீர்கள் என்று பழுது பார்த்தவரிடமே சண்டைக்குப் போனேன். மனிதர் பதில் பேசவில்லை. என்னை ஸ்கேட்டோடு நிற்கவைத்து, பின்னால் குந்தி உட்கார்ந்து, போனில் ஒரு படம் எடுத்து நீட்டினார். பிளேடு சோலின் நடுக்கோட்டில்தான் இருந்தது. குதிகாலுக்கு மேலே இரண்டு பூட்டும் உள்பக்கமாகச் சரிந்து, முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. "பூட் போயிடுச்சு சார், வந்தன்னைக்கே சொன்னேன்" என்றார். சொல்லியிருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தே மாதத்தில் புதுசு வாங்கினேன். அது வேறு கம்பெனி; போட்ட பிளேடு அதற்குப் பொருந்தவே இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதைவிட மோசம்.

அப்படி வாங்கிய புதுசுதான் இப்போது ஒன்பது வயதில் நிற்பது. அதனால் புதுசு வாங்குவதன் சுகதுக்கமும் எனக்குத் தெரியும். முதல் நாள் அந்த விறைப்பு தந்த சந்தோஷத்தை மறுக்க முடியாது, நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. ஆனால் முதல் சில வாரங்கள் கணுக்கால் எலும்பில் கொப்புளம், பூட்டின் நாக்கின் மேல் லேஸ் அழுத்துகிற இடத்தில் வலி. கடையில் சுமார் 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சூடாக்கி, சூட்டோடு காலை நுழைத்து அச்சு எடுத்துத்தான் கொடுத்தார்கள். அது உதவியது, ஆனால் பழகும் காலத்தைச் சுருக்கியதே தவிர இல்லாமல் செய்துவிடவில்லை. இந்த ஒன்பது வருடத்தில் அந்த பூட் என் குதிகாலின் மேடுபள்ளத்தையெல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. சுவர் இன்னும் விறைப்பாக நிற்கும்போது அதை விட்டுவிட்டு மறுபடி கொப்புளத்திலிருந்து தொடங்க எனக்கு மனசு வரவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள்: அளவு. ஹாக்கி ஸ்கேட் பொதுவாகத் தெருவில் போடும் ஷூவைவிட ஒன்று அல்லது ஒன்றரை சைஸ் சிறியதாக வரும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். லேஸ் கட்டாமல் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளைக்கு நேரே ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் இரண்டு பக்கத் துளைகளையும் தொடாமல் காலின் மேல் ஏறி நின்றால் பூட் உங்கள் காலுக்கு ஆழம் போதாது. பாவரில் இப்போது ஃபிட் 1, ஃபிட் 2, ஃபிட் 3 என்று காலின் பருமனை வைத்து மூன்று வடிவம் கொடுக்கிறார்கள். பழைய சைஸ் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் தப்பாகிவிடும். தள்ளுபடியில் கிடைத்தது என்பதற்காகப் பொருந்தாததை வாங்குவது செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுவதுதான்.

பூட் நன்றாக இருந்தும் பழுது கைகூடாமல் போகிற ஒரு நிலை உண்டு. உங்கள் ஹோல்டரின் தயாரிப்பையே நிறுத்தியிருப்பார்கள். ஈஸ்டனின் ஹாக்கிப் பிரிவை 2016-இல் பாவர் வாங்கிக்கொண்டது. அந்தப் பழைய ஈஸ்டன் ஸ்கேட்டுகளுக்கு இன்று பிளேடு தேடுவது மண்டைக்குடைச்சல். முழு ஹோல்டரையும் வேறு வகைக்கு மாற்றலாம், நானும் அதைத்தான் செய்தேன். பழைய துளைகளோடு ஒத்துவராத இடத்தில் புதிதாகத் துளை போட வேண்டும். ஒரு சோல் இப்படி எத்தனை முறை தாங்கும் என்று கேட்டால், என் அனுபவம் ஒரு முறையோடு சரி. பிளேடு நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் கால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும், அதனால் இந்த வேலையை வீட்டில் டிரில்லை வைத்துக்கொண்டு முயன்று பார்க்காதீர்கள்.

ஆரம்ப நிலை ஆட்டக்காரர்களுக்கான மெல்லிய பூட்டில் நிறைய ரிப்பேர் பண்ணுவது வீண். வளரும் பிள்ளைகளுக்கு இந்த விவாதமே தேவையில்லை, பூட் சாவதற்கு முன்னால் கால் வளர்ந்துவிடும். கோல் கீப்பர் ஸ்கேட் நான் ஒரு நாளும் போட்டதில்லை, அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். ஒரே வார்ப்பாக வரும் புதிய கார்பன் பூட்டுகளை நண்பனிடம் கடன் வாங்கி இரண்டு ஆட்டம் ஆடியதுதான் என் அனுபவம். அசாத்திய விறைப்பு. அது எப்படிப் பழசாகும், மெதுவாகத் தளருமா அல்லது ஒரு நாள் பட்டென்று விரிசல் விடுமா என்பதை அதிலேயே ஐந்தாறு வருடம் ஆடியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பழுது பார்த்த பிறகு என் பழக்கத்தில் மாறியது ஒன்றுதான். முன்பெல்லாம் ஆட்டம் முடிந்ததும் பிளேடில் பிளாஸ்டிக் உறையை மாட்டி, பையில் போட்டு, மறந்துவிடுவேன். உறைக்குள் தேங்குகிற ஈரம்தான் துருவுக்கு விதை. இப்போது பிளேடைத் துணியால் துடைத்துத் துணி உறை மாட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் இன்சோலை உருவி, நாக்கை முன்னால் மடித்துவிட்டு, நிழலில் காய விடுகிறேன். ரிவெட்டுகள் இதுவரை பளிச்சென்று இருக்கின்றன.

இந்தப் புது ஹோல்டரும் ஒரு நாள் சந்தையிலிருந்து போய்விடலாம் என்று, ஒரு ஜோடி பிளேடு கூடுதலாக வாங்கி லேசாக எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். வலது பூட்டின் வெளிப்பக்கம் ஒரு கோடு ஆரம்பித்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை அதில் நகத்தை வைத்துப் பார்க்கிறேன். இன்னும் இறங்கவில்லை.